மட்கார்டில் நீல நார்

பல் டாக்டர் காரை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டு, "உன் புருஷன் பண்ணின வேலைய நீயே வந்து பாரு" என்றார்.

பாலிஷ் அக்கா கையிலிருந்த துணியை உதறியபடி பட்டறைக்கு வெளியே வந்தாள். கார் பெயிண்டுக்கு மெருகேற்றுவது அவள் தொழில். பறவை எச்சம் அரித்த கூரை, சிமெண்ட் தண்ணீர் தெறித்த கதவு, மரப்பால் காய்ந்து கெட்டியான பானெட் என்று பெயிண்டுக்கு வரும் நோயெல்லாம் அவளிடம்தான் வரும். பன்னிரண்டு வருடத்தில் எதைப் பார்த்தும் அவள் முகம் மாறியதில்லை. அன்று மாறியது.

அரக்குச் சிவப்பு வண்டி. டிரைவர் பக்கத்து முன் மட்கார்டில், ஆறிய பாலின் ஆடை போலப் பெயிண்ட் சுருங்கிக் கிடந்தது. மேல் விளிம்பிலிருந்து சக்கரத்தை நோக்கி மூன்று கோடுகள் வழிந்திருந்தன. அவற்றுக்குக் குறுக்கே, உள்ளங்கை அகலத்துக்கு யாரோ தேய்த்த வளைவுகள். தேய்த்த இடமெல்லாம் பளபளப்பு செத்து, வெளிறிப் போயிருந்தது.

"என்னது டாக்டர் இது?"

"ஆசிட். வேற என்ன? வியாழக்கிழமை அவன வேலைக்கு வராதேன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா இப்படி. ஊத்தினதோட விட்டானா, நல்லாப் பரவட்டும்னு துணி போட்டுத் தேச்சு வேற விட்டிருக்கான். ஆசிட்டுக்கு எங்க போயிருப்பான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். அப்புறம்தான் பொண்டாட்டி பட்டறை ஞாபகம் வந்தது."

உள்ளே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சித்தி குழாயை மூடாமலே ஓடி வந்தாள். அக்காவின் அம்மாவுக்குத் தங்கை அவள். பட்டறையில் வண்டி கழுவுவது அவள் பொறுப்பு. யாரும் கேட்காவிட்டாலும் பதில் சொல்வதும் அவள் பொறுப்புதான்.

"யாரு, எங்க மாப்பிள்ளையா? எறும்பு குறுக்க வந்தாக்கூட ஹாரன் அடிச்சு, அது போற வரைக்கும் நிக்கற மனுஷன். அவரு போய் ஆசிட் ஊத்தறதா? நல்லா இருக்கு டாக்டர் உங்க கதை!"

சித்தி சொன்னது பொய்யில்லை. அக்காவின் புருஷனுக்குத் தெருவில் 'நிதானம்' என்றுதான் பெயர். டாக்டரின் டிரைவர் அவன்; ஓட்டினால் தூங்குகிற குழந்தை விழிக்காது. பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்விக்கு அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பாதி வழி போயிருப்பார்.

டாக்டர் இறங்கி, சாவியை அக்காவின் கையில் வைத்தார்.

"நாலு மணிக்குப் பொண்ணுக்குப் பரீட்சை முடியுது. மூணு மணிக்கு வருவேன். வண்டி பழையபடி இருந்தா இதோட விட்டுடறேன். இல்லேன்னா நேரா ஸ்டேஷன். எழுதிக் குடுத்துட்டுதான் பொண்ணக் கூப்பிடப் போவேன்."

அவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் கிளினிக்கை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். மணி பத்து.

முதலாளியின் வண்டியில் ஆசிட் ஊற்றியவன் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும். அது உண்மையோ பொய்யோ, அதற்கப்புறம் ஊரில் ஒருவரும் நிதானத்தின் கையில் சாவி கொடுக்கமாட்டார்கள். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது. அப்போது அக்காவுக்கு டாக்டர் மேல்தான் கோபம்.

அந்தக் கோபம் அலமாரி வரைக்கும்தான் நின்றது.

சக்கரத்தில் பிடித்த துருக்கறையை எடுக்கும் ஆசிட் மேல் தட்டில், மஞ்சள் மூடி போட்ட கேனில் இருக்கும். அதைத் தொடுவது அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேனில் எது வரை இருக்கிறது என்று பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவாள். கோட்டைப் பார்த்தாள். ஆசிட் அதற்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டாள். பட்டறைக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது நிதானத்திடம் இருக்கிறது.

அக்கா கேனைப் பிடித்தபடியே நின்றாள். வியாழக்கிழமை இரவு அவன், "டாக்டர் கொஞ்ச நாள் வர வேண்டாம்னுட்டார்" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்கு அப்படித் தோணிடுச்சு" என்றான். அதற்குமேல் அவளும் கிண்டவில்லை. மூன்று நாளாகச் சாப்பிட்டான், தூங்கினான், ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்தான். நிதானமான மனிதர்களுக்குக் கோபம் வந்தால் எப்படி வரும்? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வந்ததில்லையே.

போனை எடுத்தாள். அவன் எண் திரையில் இருந்தது. கேட்டுவிடலாம். கேட்டு, அவன் மெதுவாக "ஆமா" என்று சொல்லிவிட்டால்?

போனைக் கவிழ்த்து வைத்தாள். கேனை அலமாரியின் பின்பக்கம் தள்ளினாள். பாலிஷ் மெஷினை எடுத்து, வட்டமான பஞ்சுப் பேடை மாட்டினாள்.

"ஏண்டி, இன்னும் நான் வண்டியக் கழுவவே இல்லையே" என்றாள் சித்தி.

"கழுவ வேண்டாம்."

"கழுவ வேண்டாமா?" சித்தியின் வாய் திறந்தபடி நின்றது. "தூசு மேல மெஷின் வச்சா கன்னத்துல அறைஞ்ச மாதிரின்னு என்கிட்ட தொண்டை கிழியக் கத்துனவ நீதானே? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அக்காவின் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு கறை மேல் ஈரத் தாள் வைத்து, அது புளிப்பா காரமா என்று பார்க்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்து, பெயிண்ட் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தேய்த்துப் பார்க்க வேண்டும். மெஷின் கடைசியில்தான். என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால்தான் எதை எடுப்பது என்று தெரியும் என்பாள். அன்று அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாம். அது யார் கண்ணிலும் படாமல் போனால் போதும்.

மெஷினை மட்கார்டில் வைத்து அழுத்தினாள்.

ஆசிட் தின்ற பெயிண்டைத் தேய்த்தால் காய்ந்த தூள் பறக்கும். வெள்ளையாக, முகப்பவுடர் போல. அதற்காகவே அவள் மூக்கைத் துணியால் கட்டியிருந்தாள். தூள் பறக்கவில்லை. பேட் இழுத்தது. சேற்றில் சிக்கிய செருப்பு போல ஒட்டி ஒட்டி விட்டது. நிறுத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சு முழுக்கப் பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. மட்கார்டில் ரப்பரால் அழித்த காகிதத்தில் சேர்வது போல் பெயிண்ட் திரிதிரியாக உருண்டிருந்தது.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, சுருக்கத்தின் மேல் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் உள்ளே போனது.

"சித்தி!"

அவள் கத்திய கத்தலில் சித்தி கையிலிருந்த வாளி கீழே விழுந்து உருண்டது.

"என்னடி, கை மாட்டிக்கிச்சா?"

"பெயிண்ட் ஊறிப் போயிருக்கு சித்தி. ஆசிட் பட்டா குழி விழும். பெயிண்ட் கல்லு மாதிரிதான் நிக்கும், இப்படிக் கொழகொழன்னு ஆகாது. இது ஆசிட்டே இல்ல!"

அவள் சோதனைத் தாளை எடுத்தாள். மட்கார்டின் அடிமடிப்பில் ஈரம் இன்னும் கொஞ்சம் தங்கியிருந்தது. தாளை அதில் தொட்டாள். ஆசிட்டாக இருந்தால் சிவக்க வேண்டும். மஞ்சள் தாள் மஞ்சளாகவே இருந்தது. அந்த ஈரத்தை இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வழுக்கல் கரைந்துபோனது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. எண்ணெய் என்று பெயர் வைத்துக்கொண்டு தண்ணீரில் கரைவது, அவளுக்குத் தெரிந்து, ஒன்றுதான்.

பிரேக் ஆயில்.

அக்கா பானெட்டைத் தூக்கினாள். பிரேக் ஆயில் ஊற்றும் சின்ன டப்பா டிரைவர் பக்கத்தில், முன் கண்ணாடியை ஒட்டிய மூலையில் இருந்தது. டப்பாவின் மூடியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை சொட்டுச் சொட்டாக ஒரு தடம். பானெட் மூடியிருந்தால் வெளியே தெரியாத அந்த உள் மடிப்பிலும் பெயிண்ட் எழும்பி நின்றது. யாரும் வெளியிலிருந்து ஊற்றவில்லை. பானெட்டைத் திறந்து, டப்பாவில் ஊற்றும்போது கை தவறிச் சிந்தியிருக்கிறார்கள்.

அந்தத் தடத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. பெயிண்ட் இளகியிருந்தபோது ஒட்டி, அதோடு சேர்ந்து பாதி இறுகிய நார். அக்கா சாமணத்தால் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிர் நீலம். துணி நார் இல்லை. காகிதம்.

போன வருடம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது டாக்டர் அவள் கழுத்தில் ஒரு காகிதத் துண்டைக் கட்டினார். வலியில் அதை இறுக்கிப் பிடித்ததில் ஈரமாகிக் கிழிந்து விரலெல்லாம் ஒட்டியது. வீட்டுக்கு வந்த பிறகும் நகத்தடியில் இருந்தது. வெளிர் நீல நார்.

சட்டென்று கேன் ஞாபகம் வந்தது.

"சித்தி, மஞ்சள் மூடி கேன்ல நாலு விரக்கடை குறையுது. யாரு எடுத்தது?"

சித்தி கீழே உருண்ட வாளியை எடுப்பதில் மிகவும் மும்முரமானாள்.

"சித்தி!"

"கத்தாதடி. சனிக்கிழமை மாப்பிள்ளைகிட்ட சாவி வாங்கிட்டு வந்து கக்கூஸ் கழுவினேன். கறை போகவே இல்ல. கொஞ்சூண்டுதான் ஊத்தினேன். சொன்னா நீ சாமியாடுவன்னுதான்…" என்று இழுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "அடிப்பாவி. அத வச்சு மாப்பிள்ளைய நீ…?"

அக்கா தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து, மட்கார்டின் உள்ளும் புறமும் பத்து நிமிடம் விடாமல் பீய்ச்சினாள். காலையில் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. நாரும் தடமும் இருந்த மடிப்பை மட்டும் கையால் மறைத்து விட்டுவைத்தாள். பிறகு டாக்டருக்குப் போன் செய்தாள். கிளினிக்கில் கூட்டம்; பல முறை அடித்து, அவர் எடுத்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது.

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். "என்ன, சரியாயிடுச்சா?"

"டாக்டர், இந்த வண்டியோட பானெட்ட நீங்க தொறந்தீங்களா?"

"சனிக்கிழமை தொறந்தேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எதுக்குத் தொறந்தீங்க?"

"டாஷ்போர்டுல பிரேக் லைட் சிவப்பா எரிஞ்சுது. டிக்கில ஆயில் பாட்டில் இருந்தது. வண்டியோட புத்தகத்தப் பாத்து ஊத்தினேன். லைட் அணைஞ்சுது. இதுக்கெல்லாம் டிரைவர் எதுக்குன்னுகூடத் தோணிச்சு."

"சிந்திச்சா?"

"லேசா. ஆனா உடனே துடைச்சிட்டேனே! கோட் பாக்கெட்ல பேஷன்ட்டுக்குக் கட்டற காகிதம் இருந்தது, அதால அழுத்தித் துடைச்சேன். ஒரு சொட்டு விடல."

அக்கா சாமணத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு பல்லைப் பார்ப்பது போல் நெடுநேரம் பார்த்தார்.

"பேருதான் ஆயில் டாக்டர்" என்றாள் அக்கா. "பெயிண்ட் மேல பட்டா தோல உரிச்சிடும். ஒரு வாளித் தண்ணி ஊத்தியிருந்தா அப்பவே போயிருக்கும். நீங்க அழுத்தித் துடைச்சு, அத உள்ள தேச்சு ஊட்டி விட்டிருக்கீங்க."

"நானா?" டாக்டர் நிமிர்ந்தார். மட்கார்டைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். அந்த வளைவுகள் மேல் கையை வைத்து, தொடாமல், காற்றில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. "நானா?"

"ஸ்டேஷன்ல எழுதறப்ப எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க" என்றாள் சித்தி.

"சித்தி, சும்மா இரு." அக்காவுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. அவள் குரல் தணிந்தது. "டாக்டர், டப்பாவுல எது வரைக்கும் ஊத்தினீங்க?"

"மேல் கோடு வரைக்கும். ஏன்?"

அக்கா விலகி நின்று டப்பாவைக் காட்டினாள். டப்பா வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே இருப்பது வெளியே தெரியும். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே, அடியில் ஒரு ஓரமாகக் கிடந்தது. சனிக்கிழமை ஊற்றியது. அன்று திங்கள்.

மூன்று பேரும் அந்த டப்பாவையே பார்த்தார்கள். சித்தி மெல்ல மண்டியிட்டு வண்டிக்கடியில் குனிந்தாள். "பின் சக்கரத்து உள்பக்கம் நனைஞ்சிருக்கு" என்றாள். அந்த ஒரு முறை அவள் குரலில் கேலி இல்லை.

டாக்டர் அக்காவிடம் சாவியை வாங்கி, கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தார். எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை அவர் கால் தடையே இல்லாமல் கீழே போய்த் தரையில் முட்டியது. 'தட்' என்ற அந்தச் சத்தம் வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது.

அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"வியாழக்கிழமை அவன் சொன்னான். பிரேக் கொஞ்சம் கீழ எறங்குது, ரெண்டு நாள் வண்டிய எடுக்க வேண்டாம்னான். பரீட்சை வாரத்துல உனக்கு லீவு வேணும்னா நேரா கேளு, வண்டி மேல பழி போடாதேன்னு நான்…" அவர் நிறுத்தினார். "காலையில மேம்பாலத்துல எறங்கினேன். முன் சீட்ல அவ. மடியில புத்தகம். பெல்ட் போடச் சொன்னேன். இன்னும் ரெண்டு பக்கம்ப்பா, படிச்சிட்டுப் போடறேன்னா."

சித்தி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவர் அதை வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நிதானம் வாசலில் வந்து நின்றான். போன் செய்து வரச்சொன்னது சித்தி. பத்து மணிக்கு வண்டி வந்ததையும் டாக்டர் போட்ட பழியையும் மட்டும் சொல்லியிருந்தாள். டாக்டர் அவனைக் கண்டதும் தடுமாறிக்கொண்டு இறங்கினார்.

"தப்பா நெனச்சுட்டேம்ப்பா. மட்கார்டு… அது நான்தான்…"

நிதானம் மட்கார்டைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பானெட்டையும், வண்டிக்கடியில் இருந்த ஈரத்தையும் பார்த்தான்.

"பாப்பா எங்க?"

"பரீட்சை ஹால்ல."

"யாரு கொண்டு விட்டது?"

"நான்தான்."

"இந்த வண்டியிலயா?"

டாக்டர் ஆமென்று தலையசைத்தார். நிதானம் அப்படியே பட்டறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவிய இவகிட்டயே குடுங்க" என்றான் கடைசியில். "வண்டி இங்கேருந்து ஒரு அடி நகரக் கூடாது. மெக்கானிக் இங்க வரட்டும். நீங்க வாடகை வண்டி பிடிச்சுப் போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க."

"நாளைக்கு நீ…"

"மொதல்ல பாப்பாவக் கூட்டிட்டு வாங்க டாக்டர்."

டாக்டர் தெருவுக்கு ஓடினார். பாதி தூரம் போய்த்தான் கையில் டம்ளர் இருப்பதைக் கவனித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அதோடே ஓடினார்.

பட்டறையில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது. அக்கா மட்கார்டின் அருகே போய் நின்றாள். பேச வேண்டியதை விட்டுவிட்டு வேலையைப் பேசினாள்.

"இத இப்பத் தொடக் கூடாதுங்க. நாலஞ்சு நாள் காயவிட்டா பெயிண்ட் மறுபடி இறுகும். அப்புறம் மீட்டர் வச்சுப் பாத்துட்டு, உப்புத்தாள தண்ணியில நனைச்சு மெதுவா எடுக்கணும். வெளிறின இடமெல்லாம் பளபளப்பு திரும்ப வந்துடும். சுருங்கின ஓரம் மட்டும் வராது. அதப் புதுசாத்தான் அடிக்கணும்."

அவள் துணியால் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"காலையில கேன்ல ஆசிட் குறைஞ்சிருந்தது. சித்திதான் எடுத்திருக்கு. எனக்குத் தெரியல. நான் நீங்கதான்னு…"

"தெரியும்."

"சித்தி சொல்லுச்சா?"

"இல்ல." அவன் வழக்கம்போல யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். "பத்து மணிக்கு வண்டி வந்திருக்கு. ரெண்டு மணிக்குச் சித்திகிட்டேருந்து போன் வருது. நடுவுல நாலு மணி நேரம். நீ என்னக் கேக்கவே இல்லையே."

சித்தி குழாயை இறுக்கி மூடிவிட்டு, அங்கே தனக்கு ஒரு வேலையும் இல்லாத தெருப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.